பொது ஃபைல்

உக்காருங்கண்ணா. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. இந்த நேரத்துக்குக் கேன்டீன்ல கூட்டம் இருக்காது, நிம்மதியாப் பேசலாம். தாராபுரத்துல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? இந்த வெயில்லயா? போன்லயே கேட்டிருக்கலாமுங்களே. இல்லை இல்லை, நீங்க பண்ணினதுதான் சரி. பொண்ணு எடுக்கற விசயத்தை எல்லாம் போன்ல விசாரிக்கக் கூடாது. மூஞ்சியைப் பாத்துக் கேட்டாத்தான் உள்ளது தெரியும்.

பூங்கோதையோட அப்பா முந்தாநாளே கூப்பிட்டுட்டாரு. "மாப்பிள்ளையோட தாய்மாமன் விசாரிக்க வருவாருங்க சார், நம்ம புள்ளையைப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லபடியாச் சொல்லுங்க"ன்னாரு. நெம்ப நல்ல மனுசன். வெள்ளகோயில்ல யாரோ ஒருத்தர் தறிக் குடோன்ல மேஸ்திரி. பொங்கலுக்கு ஒரு மூட்டை நாட்டுச்சக்கரை கொண்டாந்து எங்கூட்ல எறக்கிட்டு, ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமப் போனாரு. "எம் புள்ளைக்கு இங்க நீங்கதான் சார் அப்பன் ஸ்தானம்"னு கையைப் புடிச்சுக்கிட்டாரு. அந்த ஸ்தானத்துல இருந்துதான் உங்ககிட்டப் பேசறனுங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சொல்லுவாங்க. இந்தச் சென்னியப்பன் அந்த ஆளு இல்லீங்க.

அதா, அந்தக் கடைசி மேஜையில தனியாச் சாப்பிடறா பாருங்க, பச்சைச் சுடிதாரு, அவதான். திரும்பாதீங்க, திரும்பாதீங்க. நீங்க யாருன்னு அவளுக்குத் தெரியாது. போட்டோவை விடக் கொஞ்சம் எளைச்சிருப்பா. முன்ன நல்லாத்தான் இருந்தா, இந்த நாலஞ்சு மாசமா இப்படி ஆயிட்டா. உங்க பையனும் அவளும் போன்ல பேசிப் புடிச்சிருக்குதுன்னு சொல்லிட்டாங்களாமா? அவங்கப்பா சொன்னாரு. போன வருசம் ஒரு எடம் நிச்சயம் வரைக்கும் வந்து தட்டிப் போச்சு. இதுவும் தட்டிப் போச்சுன்னா அந்த மனுசன் படுத்துருவாரு. ஆனா அதுக்காக உங்க குடும்பத்தை நான் பாழுங் கெணத்துல தள்ள முடியுமுங்களா?

வேலையில எப்படின்னு கேட்டீங்க. கெட்டிக்காரி. அதுல சந்தேகமே இல்லீங்க. ஆனா கெட்டிக்காரியா இருந்தாப் போதுமுங்களா? ஒரே ஒரு விசயம் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

எங்க கம்பெனி பள்ளிக்கூடங்களுக்கு ஆப் செஞ்சு குடுக்குது. பெத்தவங்க போன்ல வெச்சுப் பாக்கற ஆப். ஃபீஸ் கட்டறது, பஸ் எங்க வருதுன்னு பாக்கறது, ஹாஸ்டலு, மார்க்கு, எல்லாம் அதுலதான். போன்ல இருக்கற ஆப் எங்க சர்வரைக் கேக்கும், சர்வர் பதில் குடுக்கும். என்னென்ன கேக்கலாம், பதில் எந்த வடிவத்துல வரும்னு முன்னாடியே எழுதி வெச்சுக்கோணும். அதுக்குப் பேருதான் ஸ்கீமா. மாணவர்னா என்ன? பேரு, வகுப்பு, பாதுகாவலர் யாரு, பாதுகாவலரோட போன் நம்பரு. இவ்வளவுதானுங்க, வித்தை ஒண்ணுமில்லை.

நான் இந்த டீமுக்கு லீடா வந்தப்ப அது ஏழெட்டு ஃபைலாக் கெடந்துது. ஃபீஸ்காரங்க ஒரு ஃபைலு, பஸ்காரங்க ஒரு ஃபைலு, ஹாஸ்டல்காரங்க ஒரு ஃபைலு. ஒவ்வொருத்தனும் அவனவன் ஃபைல்ல அவனவனுக்குத் தோணின மாதிரி மாணவரை எழுதி வெச்சிருக்கான். கடைசியா ஒரு டூல் எல்லா ஃபைலையும் படிச்சு ஒண்ணாச் சேக்கும். எனக்குப் பாத்ததும் பத்திக்கிட்டு வந்துது. இது குடும்பமா, லாட்ஜா? கூட்டுக் குடும்பம்னா ஒரே அடுப்புதான எரியோணும்? பொது ஃபைல்னு ஒண்ணு போடுங்க, எல்லாருக்கும் பொதுவானதை அதுல ஒரே தடவை எழுதுங்க, அதுல யாரு கை வெக்கறதுன்னாலும் என்னைக் கேட்டுத்தான் வெக்கோணும்னு சொல்லிட்டேன். எல்லாரும் தலையாட்டினாங்க. பூங்கோதை மட்டும் ஆட்டலை.

"சார், பொது ஃபைல் நல்லதுதான். ஆனா பொது இல்லாததையும் பொதுவுல போடக் கூடாதுங்க சார்"னா. மீட்டிங்ல, அத்தனை பேரு முன்னாடி. என்னம்மா பொது இல்லைன்னேன். பாதுகாவலர் போன் நம்பரைச் சொல்றா. ஃபீஸ் ஃபைல்ல இருக்கற நம்பரு பணம் கட்டற ஆளோடதாமா. பஸ் ஃபைல்ல இருக்கற நம்பரு கொழந்தையைக் கூட்டிட்டுப் போற ஆளோடதாமா. "ரெண்டும் பத்து இலக்கந்தான் சார், அதனால டூல் சத்தம் போடாது. ஒண்ணுன்னு நெனைச்சுச் சேத்துரும். கடைசியாப் படிச்ச ஃபைல்ல இருக்கற நம்பருதான் நிக்கும். ரெண்டுக்கும் வேற வேற பேரு வெச்சு அவங்கவங்க ஃபைல்லயே விட்டுடலாமுங்க சார்"ங்கறா.

நான் கேட்டேன், ஏம்மா, ஃபீஸ் கட்டறது அப்பன், கூட்டிட்டு வர்றது ஆத்தா. ரெண்டும் ஒரே ஊடுதான? யாருக்குப் போனா என்னன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. "எல்லா ஊடும் அப்படி இருக்காதுங்க சார்"னா. கேட்டீங்களா பேச்சை? கல்யாணம் ஆகாத புள்ளை, ஊடு எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லித் தர்றா.

அதோட விட்டாளா? அடுத்த நாளே செக்குன்னு ஒரு சோதனையை எழுதி உள்ள போட்டுட்டா. ரெண்டு ஃபைல்ல ஒரே பேரு இருந்துதுன்னா சேக்கறதே நின்னுரும், ஸ்கிரீன்ல செவப்பா வந்து நிக்கும். திங்கக்கிழமை ஒரு பெரிய பள்ளிக்கூடத்து ஆளுங்க முன்னாடி நான் போட்டுக் காட்டோணும், வெள்ளிக்கிழமை மத்தியானம் பாத்தாச் செவப்பா நிக்குது.  அவளைக் கூப்பிட்டேன். கோபமே படலீங்க, கோபப்படறது எனக்குப் பழக்கமில்லை. பூங்கோதை, அந்தச் செக்கை எடுத்துப்போட்டு நீயே எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து ஏத்தி விடும்மா, உன்ற அளவுக்கு யாருக்கு இது தெரியும்னு நல்லவிதமாத்தான் சொன்னேன்.

அதுக்கு அவ என்ன கேட்டாத் தெரியுமுங்களா? "சார், நீங்க எடுக்கச் சொன்னதா குரூப்புல ஒரு வார்த்தை போட்டுருங்க சார், எடுத்துடறேன்"ங்கறா.

எனக்கு எப்படி இருக்கும்? அப்பன் ஸ்தானம்னு அவங்கப்பாவே சொன்னாரே, அந்த அப்பன்கிட்டக் கைநாட்டு கேக்கற மாதிரி இல்லீங்களா?  "ஏம்மா, என்ற மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"ன்னு மட்டும் கேட்டேன். மூஞ்சி செத்துப் போச்சு அவளுக்கு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. "ஐயோ, அப்படி இல்லீங்க சார்"னு சொல்லிட்டுப் போயி, செக்கை எடுத்துட்டு, அவளே சேத்து, அவ பேர்லயே ஏத்தி விட்டா. எங்க வேலையில யாரு ஏத்தினாங்களோ அவங்க பேரு அதுல நின்னுரும், அழிக்க முடியாது. பல வருசம் கழிச்சுப் பாத்தாலும் இருக்கும். திங்கக்கிழமை நான் காட்டினேன், பள்ளிக்கூடத்துல எல்லாரும் கையைத் தட்டினாங்க. பொது ஃபைல்ங்கற யோசனை யாருதுன்னு கேட்டாங்க. என்னோடதுன்னேன்.

ஒரு நிமிசம் இருங்க. டீ சொல்லவே இல்லை பாருங்க. பூங்கோதை! இங்க வாம்மா. சாப்பிட்டுட்டியா? இவரு நம்ம சொந்தக்காரரு, ஊர்ல இருந்து வந்திருக்காரு. ரெண்டு டீ வாங்கிட்டு வந்துரும்மா. என்னது? ஆமா, கேக்கறா பாருங்க, உங்களுக்குச் சக்கரை போடலாமான்னு. வேண்டாமுங்களா? சரி, ஒண்ணு சக்கரை இல்லாம.

பாத்தீங்களா? ஒரு டீ வாங்கிட்டு வான்னாக் கூட ஒரு எதிர்க்கேள்வி இல்லாம நகர மாட்டா. அதைத்தான் சொல்றனுங்க.

எங்க விட்டேன்? ஆமா. அப்பறம் ஒரு மாசம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்பறந்தான் அந்த ஆப்ல புதுசா ஒரு ஏற்பாடு ஆரம்பிச்சுது. சாயங்காலம் பஸ்ஸு ஸ்டாப்புக்குக் கிட்ட வர்றப்போ பாதுகாவலர் போனுக்கு, ஓடிபி மாதிரி, ஒரு ரகசிய நம்பரு போகும். அந்த நம்பரைச் சொல்ற ஆளுகிட்டத்தான் பஸ்ஸுல இருக்கற ஆயா கொழந்தையை எறக்கி விடும். ரெண்டாவது படிக்கற ஒரு புள்ளை. அதோட அப்பனும் ஆத்தாளும் பிரிஞ்சு, கேஸ் நடந்துட்டு இருந்துதாமா. கோர்ட்டுல, ஃபீஸ் அப்பன் கட்டோணும், கொழந்தை ஆத்தாகிட்ட இருக்கோணும்னு சொல்லியிருக்காங்க. அதனால ஃபீஸ் ஃபைல்ல அப்பன் நம்பரு. பஸ் ஃபைல்ல ஆத்தா நம்பரு.

ரெண்டையும் சேத்ததுல ஃபீஸ் ஃபைல் நம்பருதான் நின்னிருக்குது, அதனால அந்த ரகசிய நம்பரு அப்பன் போனுக்குப் போயிருச்சு. அவன் முந்தின ஸ்டாப்புலயே வந்து நின்னு, நம்பரைச் சொல்லி, கொழந்தையை எறக்கிக் கூட்டிட்டுப் போயிட்டான். ஆத்தாக்காரி அடுத்த ஸ்டாப்புல நின்னுட்டு இருந்திருக்கா. பஸ்ஸு வந்துது, கொழந்தை வரலை. அங்கயே ரோட்டுல விழுந்துட்டாளாமா. பெரிய ரகளை பண்ணிட்டாங்க. போலீஸு, பேப்பரு, என்னென்னமோ. நான் கேக்கறேன், கூட்டிட்டுப் போனது யாருங்க? வேத்து ஆளா? பெத்த அப்பன்தானுங்களே!

அந்தக் கொழந்தை இப்ப எங்கன்னா கேக்கறீங்க? அது... தெரியலீங்க. வடக்க எங்கயோ கொண்டு போயிட்டான்னு அப்பச் சொன்னாங்க. கெடைச்சிருக்கும். நான் கேட்டுக்கலை. நமக்கு எதுக்குங்க அதெல்லாம்? நான் பேச வந்தது பூங்கோதையைப் பத்தி.

பள்ளிக்கூடத்துல இருந்து மீட்டிங் வெச்சாங்க. எங்க முதலாளி, நானு, அவ, எல்லாரும் ஒரே ரூமுல, அவங்க அந்தப் பக்கம் ஸ்கிரீன்ல. யாரு பண்ணினதுன்னு கேட்டாங்க. நான் மறைக்கலை, அனுபவம் பத்தாத ஒரு பொண்ணு ஏத்தி விட்டுருச்சு, நாங்க கவனிக்காம விட்டது எங்க தப்புத்தான்னு, பெருந்தன்மையா அந்தத் தப்பையும் ஏத்துக்கிட்டேன். அவ என்ற பக்கத்துலதான் உக்காந்திருந்தா. வாயே தொறக்கலை. என்னைத் திரும்பி ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். தப்பு அவ மேல இல்லைன்னா அங்கயே சொல்லியிருக்கோணுமில்லீங்களா? சும்மா இருந்தாள்னா என்ன அர்த்தம்?

என்னங்கண்ணா, அப்ப அந்தப் புள்ளை மேல தப்பே இல்லையேங்கறீங்க? நீங்க பெரியவங்க, இப்படிப் பேசலாமுங்களா? தப்பு இருக்குது, இல்லை, அது வேற. பேரு யாருது இருக்குது? அதைப் பாருங்க.

சரி, அதைக் கூட விட்டுட்டேன். சின்னப் புள்ளை, போகட்டும்னு விட்டேன். அதுக்கப்பறம் அவ பண்ணினதுதானுங்க என்னால மன்னிக்க முடியாதது. ஒரு ஞாயித்துக்கிழமை அந்த ஆத்தாக்காரி ஊட்டைத் தேடிப் புடிச்சுப் போயிட்டா. ஆமாங்க, தனியாத்தான். பஸ்ஸேறி, யாரையும் கேக்காம. போயி அந்தப் பொம்பளை காலைப் புடிச்சு அழுதாளாமா. "உங்க மேல தப்பில்லீங்க அக்கா, பள்ளிக்கூடத்து மேலயும் தப்பில்லை. ரெண்டு நம்பரையும் ஒண்ணாச் சேத்தது நாங்க. சேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சே சேத்தோம்"னு சொல்லியிருக்கா. தெரிஞ்சேன்னு! அந்த வார்த்தையை ஒருத்தி சொல்லுவாளுங்களா? வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போச்சு. அந்தம்மா வக்கீல் வெச்சு எங்க கம்பெனி மேல நோட்டீஸ் விட்டுட்டா. பள்ளிக்கூடம் எங்களை விட்டுப் போயிருச்சு. எனக்கு மேனேஜர் பதவி குடுக்கறதா இருந்தாங்க, அது நின்னு போச்சு. எங்கூட்டுக்காரி அதுக்குள்ள அவங்க அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. எனக்கு எப்படி இருக்கும்? சாப்பாடு எறங்கலீங்க அண்ணா, நெசமாச் சொல்றேன்.

அதுக்காக நான் அவளை ஒண்ணும் பண்ணலை. வேலையை விட்டு எடுக்கோணும்னு முதலாளி சொன்னப்போ, வேண்டாமுங்க, ஏழைப்பட்ட குடும்பம், அப்பன் பாவம்னு தடுத்ததே நான்தான். வேற ஒரு மூலையில, பழைய ஆப்ல பட்டனை அமுக்கிப் பாத்துச் சரி, தப்புன்னு போடற வேலை குடுத்திருக்கோம். பத்தாவது படிச்சவங்களே பண்ணலாம். அவகிட்ட யாரும் பேசறதில்லை. நான் பேசாதீங்கன்னு சொல்லலை. அவ இருக்கற எடத்துல எதுவும் பேசாதீங்க, வெளிய போயிரும்னு மட்டுந்தான் சொன்னேன். அவங்களாவே மேஜையை மாத்திக்கிட்டாங்க.

வந்துட்டா. குடும்மா, வெச்சுட்டுப் போ. என்னம்மா நிக்கற? ஓ, சனிக்கிழமை லீவா? பொண்ணு பாக்க வர்றாங்களா? அட, சொல்லவே இல்லை! தாராளமா எடுத்துக்கம்மா. சந்தோசமாப் போயிட்டு வா. எங்க மாதிரி பெரியவங்க ஆசீர்வாதம் எல்லாம் உனக்கு இருக்குது.

பாத்தீங்களா, என்ன சிரிப்பு சிரிச்சுட்டுப் போறா. இத்தனைக்கும் அப்பறம் எப்படிங்க சிரிப்பு வரும்? நான் ஒண்ணே ஒண்ணுதான் அண்ணா கேக்கறேன். உங்களுது பெரிய குடும்பம். நாலு அண்ணன் தம்பிங்க, காடு, தோட்டம், பங்கு, பாகம்னு இருக்கும். எல்லா ஊட்லயும் வெளிய தெரியக் கூடாதது நாலு இருக்கும். உங்க பையனுக்கே... இல்லை, இல்லை, நான் எதையும் கேக்கலீங்க. நமக்குத் தெரியவும் வேண்டாம். ஆனா நாளைக்கு உங்கூட்டு நடுவுல நின்னு, "இது தப்பு மாமா, தெரிஞ்சே பண்றீங்க"ன்னு ஒரு மருமக சொன்னா எப்படி இருக்கும்? சொல்றதோட நிக்காம, பஸ்ஸேறிப் போயி யாருக்குச் சொல்லோணுமோ அவங்களுக்கும் சொல்லிட்டு வந்தா?

டீ ஆறுதுங்க, குடிங்க.

தோதுப்படாதுங்கறீங்களா? அது உங்க முடிவு. நான் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை, பாத்துக்குங்க. நடந்ததை நடந்தபடி சொன்னேன். வேற ஒருத்தனா இருந்தா மறைச்சிருப்பான். பையனோட ஆத்தா, உங்க அக்கா, வர்றப்பவே கையில அடிச்சுச் சொன்னாங்களா, இப்படிப்பட்டதுன்னா வேண்டாம்னு? நல்ல குடும்பத்துக்கு அதான் அழகு.

இருங்க, போன் அடிக்குது. அட, அவங்கப்பாதான்! எடுக்காட்டி மனுசன் விட மாட்டாரு. நீங்க பேசாம இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.

"சொல்லுங்கய்யா."

"சார், வந்தாங்களாங்க?"

"வந்தாங்க, வந்தாங்க. இப்பத்தான் கெளம்பிப் போறாரு. தங்கமான மனுசன்."

"என்னங்க சார் கேட்டாரு? நம்ம புள்ளையைப் பத்தி..."

"என்னத்தைக் கேக்கறது? இது மாதிரி புள்ளை கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணும்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

"சாமி மாதிரிங்க சார் நீங்க. சார், இன்னொண்ணுங்க. வைகாசியில மண்டபம் ஒரே ஒரு நாள்தான் இருக்குதாமா. இன்னிக்கே பணம் கட்டினாத்தான் எழுதிக்குவேங்கறாங்க. சனிக்கிழமை அவங்க வந்து பாத்துட்டுப் போன பொறவு கட்டலாம்னா, நாள் போயிருமுங்க. என்னங்க சார் பண்ணட்டும்?"

"கட்டிருங்கய்யா. நல்ல காரியத்தை ஏன் தள்ளிப் போடறீங்க?"

"புள்ளையோட ஆத்தா அழுகறா சார், சந்தோசத்துல. போனை அவகிட்டக் குடுக்கட்டுங்களா? பேச வரலைங்கறா, சரிங்க, வேண்டாமுங்க. வெச்சரட்டுங்களா சார்?"

"வெய்யுங்க, வெய்யுங்க."

என்னங்கண்ணா அப்படிப் பாக்கறீங்க? அந்தக் குரலைக் கேட்டீங்கள்ல? அவ்வளவு ஆசையாப் பேசற மனுசன்கிட்ட எப்படிங்க இல்லைன்னு சொல்றது? எனக்கு மனசு வரலை. நான் யாரு மனசையும் நோகடிக்கற ஆளில்லீங்க. நீங்களும் ஒண்ணு பண்ணுங்க, சனிக்கிழமை வர்றேன்னு சொன்னபடியே போயிப் பாத்துட்டு, பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டு, போயிச் சொல்றோம்னு மொகம் கோணாம எந்திரிச்சு வந்துருங்க. ஒரு வாரம் போகட்டும். அப்பறம் ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிருங்க.

என்னது, முன்னாடியே பாத்து, பத்துக்கு ஒம்போது பொருந்திருச்சா? அதனால என்னங்க, வேற ஜோசியரு பாத்தாருன்னு சொல்லுங்க. புள்ளைக்கு மாங்கல்யத்துல ஏதோ தோசம் தெரியுதுன்னு சொல்லிட்டா, அப்பறம் அந்த மனுசன் ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. வேற யாரும் வந்து கேக்கவும் மாட்டாங்க.